மோதியவன் ஓடினால் பணம், நின்றால் பட்டை நாமம்!

மோட்டார் வாகனச் சட்டத்திலே ஒரு விந்தை இருக்கிறது. தோழர்களில் பலர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சொன்னால் நம்பவும் தயங்குவார்கள்.

ஒரு வண்டி மோதுகிறது, ஒருவர் இறந்துபோகிறார். மோதியவன் நிற்காமல் பறந்துவிடுகிறான். என்ன வண்டி, எவருடைய வண்டி என்று துப்புத் துலங்கவில்லை. அப்படியானால் இறந்தவர் குடும்பத்துக்கு 2 இலட்சம் ரூபாய் உண்டு. பலத்த காயம் என்றால் 50,000 ரூபாய் உண்டு. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. அதற்கு முன்பு 25,000 என்றும் 12,500 என்றும் பிச்சைக்காசு போட்டார்கள். இப்போது கொஞ்சம் உயர்த்தியிருக்கிறார்கள். நல்லது, வரவேற்கிறோம்.

அதே வண்டி. அதே மோதல். அதே சாவு. ஆனால், மோதியவன் ஓடவில்லை, நிற்கிறான். போலீசார் வருகிறார்கள், நம்பரைக் குறித்துக்கொள்கிறார்கள், பெயரையும் ஊரையும் எழுதிக்கொள்கிறார்கள். "இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். "இல்லை" என்கிறான். இப்போது அந்த 2 இலட்சம் கிடையாது! ஒரு காசும் கிடையாது! ஏன் என்று கேட்டால், மோதியவன் யாரென்று தெரிந்துவிட்டதே, அவன்மீது வழக்குப் போட்டு வாங்கிக்கொள் என்கிறது சட்டம். வழக்குப் போடலாம். தீர்ப்பும் வரலாம். பழைய மொபெட் ஒன்றைத் தவிர வேறு சொத்தில்லாத மனிதனிடமிருந்து எதை வாங்குவது? அவன் வீட்டு ஓலையையா?

ஓடியவனால் கிடைப்பது, நின்றவனால் கிடைக்காமல் போகிறது. நேர்மையாக நிற்பதைத் தண்டிக்கிற சட்டத்தை நாம் இப்போதுதான் பார்க்கிறோம்.

"போகட்டும், அவனிடம் இன்ஷூரன்ஸ் இல்லை. என்னிடம் இருக்கிறதே! ஆண்டு தவறாமல் கட்டினேனே! என் கம்பெனி எனக்குக் கொடுக்காதா?" என்று அடிபட்டவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைத்தான் நம் தோழர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கருதுகிறோம்.

அண்ணாகிராமம் ஒன்றியத்துத் தோழர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையே ஓடுகிற சாலையை அறியாதவர் அங்கே யார்? நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள், பண்ருட்டிச் சந்தைக்குப் பலாவும் முந்திரியும் கொண்டுபோகும் வேன்கள், கடலூர் சிப்காட்டிலே ஷிப்டு முடிந்து கண் எரிச்சலோடு திரும்பும் தொழிலாளியின் மோட்டார் சைக்கிள், இவற்றுக்கெல்லாம் நடுவே முந்திக்கொண்டு பாயும் தனியார் பஸ்கள்! 2023-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் அதே சாலையில், மேல்பட்டாம்பாக்கத்தில், இரண்டு தனியார் பஸ்கள் நேருக்கு நேர் மோதிக்கொண்டதையும், உயிர்கள் பலியானதையும், எழுபதுக்கு மேற்பட்டவர்கள் காயம்பட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லப்பட்டதையும் அந்தப் பகுதி மக்கள் மறந்திருக்க முடியாது.

அந்தச் சாலையில் எதிரே வருகிற வண்டிகளில் எத்தனைக்கு இன்ஷூரன்ஸ் இருக்கும்? நாடாளுமன்றத்தின் நிதித்துறை நிலைக்குழு 2024-ல் தந்த அறிக்கை, நாட்டிலே ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இன்ஷூரன்ஸ் இல்லை என்கிறது. எதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்றுக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். 2018 செப்டம்பர் முதல் புது மோட்டார் சைக்கிள் வாங்கும்போதே ஐந்தாண்டுக்கும், புதுக் காருக்கு மூன்றாண்டுக்கும் கட்டாயமாக வசூலித்துவிடுகிறார்கள். உச்சநீதிமன்றம் இட்ட உத்தரவு அது. ஐந்தாண்டு கழிந்தபின்? வண்டி கைமாறுகிறது, காகிதம் கிழிகிறது, கட்டவேண்டும் என்ற நினைவே யாருக்கும் வருவதில்லை. 75 முதல் 150 சி.சி. வரையுள்ள வண்டிக்கு 2022 ஜூன் முதல் தேதியிலிருந்து நிர்ணயித்த கட்டணம் ஆண்டுக்கு 714 ரூபாய், வரி தனி. இன்ஷூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை அபராதம் 2,000 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை. சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது, காகிதத்தில்!

இனி நம் தோழரின் கையில் இருக்கும் காகிதத்துக்கு வருவோம்.

மோட்டார் இன்ஷூரன்ஸ் நம் நாட்டிலே கட்டாயமானது 1946-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி. 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எட்டாவது அத்தியாயத்தை அன்றுதான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். எதற்காகக் கட்டாயமாக்கினார்கள்? வண்டிக்காரரைக் காப்பதற்காக அல்ல. வண்டியால் அடிபடுகிற மூன்றாவது மனிதரைக் காப்பதற்காக. நம் வண்டி யார்மீதாவது மோதினால் நமக்குப் பதிலாகக் கம்பெனி நஷ்டஈடு கொடுக்கும். இன்றுள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அடிப்படை அதுவேதான். இதைத்தான் 'தேர்டு பார்ட்டி' என்கிறார்கள். வழக்கு மன்றத்திலே 'ஆக்ட் பாலிசி' என்பார்கள். நம்மில் பெரும்பாலோர் கட்டுவது இந்த ஒன்றைத்தான். மலிவானது, செக்போஸ்டில் காட்டினால் போதும், ஆளை விட்டுவிடுவார்கள்.

ஆகவே, நாம் கட்டிய பணம் ஊராரை நம்மிடமிருந்து காப்பாற்றக் கட்டிய பணம்! நம்மை ஊராரிடமிருந்து காப்பாற்ற நாம் கட்டவேயில்லை. இதை ஏஜெண்ட் சொல்வதில்லை. பாலிசியில் எழுதியிருக்கிறது என்பார்கள். ஆமாம், எழுதியிருக்கிறது, எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், ஆங்கிலத்தில்! கரும்பு வெட்டுகிற தோழரும் செங்கல் சூளைத் தோழரும் அதைப் படித்து, பொருள் உணர்ந்து, பிறகு கையெழுத்துப் போட்டார்களாம்!

இந்த அநியாயத்தை உயர்நீதிமன்றமே ஒரு முறை பார்த்து வருந்தியது. காரில் சென்றவர் விபத்தில் இறந்தார். ஈரோட்டுத் தீர்ப்பாயம் 14 இலட்சத்து 65 ஆயிரத்துச் சொச்சம் கொடுக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிட்டது. கம்பெனி சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போய், அந்தக் காருக்கு எடுத்தது வெறும் ஆக்ட் பாலிசி, காரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பொருந்தாது என்று வாதாடி வென்றது. சட்டப்படி அது சரி. ஆனால் நீதிபதி வைத்தியநாதன் 2021 ஆகஸ்டில் தீர்ப்பளிக்கையில், வண்டி வாங்குகிறவருக்கு எது உண்டு, எது இல்லை என்று யாரும் தெளிவாக எடுத்துச் சொல்வதில்லையே என்று வருந்தி, செப்டம்பர் முதல் தேதியிலிருந்து விற்கும் புதுக் கார்களுக்கு டிரைவர், பயணி, உரிமையாளர் எல்லோரையும் சேர்த்து ஐந்தாண்டுக்கு முழு இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்று உத்தரவிட்டார். நாடெங்கும் பரபரப்பு. கம்பெனிகள் திரண்டு வந்தன. நடைமுறைக்கு ஒவ்வாது என்றன. செப்டம்பர் 13-ஆம் நாள் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. சட்டமன்றங்கள் செய்யவேண்டிய காரியம், அவை செய்யட்டும் என்று நீதிமன்றம் விலகிக்கொண்டது. அதற்குப் பிறகு சட்டம் இயற்றும் இடத்தில் இருப்பவர்கள் அதைத் தொடவில்லை.

மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போகிறவர் கதையும் இதுதான். ஆக்ட் பாலிசியில் அவருக்குப் பாதுகாப்பில்லை என்று 2006-லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. மனைவியை ஏற்றிக்கொண்டு திருவதிகைக்குத் திருவிழாப் பார்க்கப் போகிற தோழர் இதை நினைவில் வைக்கவேண்டும். முழுப் பாலிசி, அதாவது 'பேக்கேஜ்' என்று சொல்கிறார்களே, அதை எடுத்திருந்தால் பின்னால் இருப்பவருக்கும் காருக்குள் இருப்பவருக்கும் உண்டு. கம்பெனிகள் இதையும் மறுத்துக்கொண்டிருந்தன. ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் சுற்றறிக்கை அனுப்பிக் கண்டித்த பின்தான் வழிக்கு வந்தன.

அப்படியானால் வண்டி ஓட்டுகிற உரிமையாளருக்கு எதுவுமே இல்லையா? ஒன்று இருக்கிறது. உரிமையாளர்-டிரைவர் சொந்த விபத்துக் காப்பு. மோட்டார் சைக்கிளுக்கு ஒரு இலட்சம், காருக்கு 2 இலட்சம் என்று நெடுங்காலம் கிடந்த தொகை அது. இந்தத் தொகை எந்த மூலைக்கு என்று நம் சென்னை உயர்நீதிமன்றம் 2017-ல் கேட்டதன் விளைவாக, 2018 செப்டம்பரில் ஆணையம் அதை 15 இலட்சமாக்கியது. அன்று நிர்ணயித்த கட்டணம் ஆண்டுக்கு 750 ரூபாய். மோதியவனுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தவறு எவருடையதானாலும், நம் கம்பெனி நமக்குக் கொடுத்தே தீரவேண்டிய பணம் இது ஒன்றுதான். செல்லத்தக்க லைசென்ஸ் இருக்கவேண்டும், உரிமையாளரே ஓட்டியிருக்கவேண்டும். சாவுக்கு முழுத்தொகை, இரு கையோ இரு காலோ போனால் முழுத்தொகை, ஒன்று போனால் பாதி. கால் முறிந்து மூன்று மாதம் கட்டிலில் கிடந்தால்? ஒன்றுமில்லை.

இந்த 750 ரூபாயிலும் ஒரு சூழ்ச்சி நடக்கிறது. வேறு இடத்தில் இதுபோன்ற காப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தால் இதை எடுக்கவேண்டியதில்லை. "உங்களுக்குக் குறைந்த விலையில் முடித்துத் தருகிறேன்" என்று சொல்லுகிற ஏஜெண்ட் என்ன செய்கிறார்? நமக்கு எங்கேயோ காப்பு இருப்பதாக ஒரு கட்டத்தில் புள்ளி வைத்துவிட்டு 750-ஐக் குறைத்துக்காட்டுகிறார். நாம் மகிழ்ந்து டீ வாங்கிக் கொடுக்கிறோம். விபத்துக்குப் பிறகு குடும்பம் போய்க் கேட்கும்போது, "உங்கள் வீட்டுக்காரரே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்திருக்கிறாரே அம்மா" என்று கம்பெனி காட்டுகிறது. பாலிசித் தாளை வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாருங்கள், தோழர்களே. அந்த வரியில் தொகை போட்டிருக்கிறதா, வெறுமையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரவல் வண்டியில் போனவர் நிலை இன்னும் பரிதாபம். ராஜஸ்தானத்து வழக்கொன்றில் 2020 ஜனவரி 7-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவர் பிறருடைய மோட்டார் சைக்கிளில் போகிறார், இன்னொரு வண்டி மோதி இறக்கிறார். குடும்பத்தார் மோதிய வண்டிக்காரர்மீது வழக்குப் போடாமல், இவர் ஓட்டிய வண்டியின் கம்பெனிமீது மட்டும் போட்டார்கள். இரவல் வாங்கியவர் உரிமையாளருக்குச் சமம். தன்மீதே தான் வழக்குப் போட முடியாது என்று கூறி, பாலிசியில் கண்ட ஒரு இலட்சம் மட்டுமே கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். ஆகவே மோதியவனுக்கு இன்ஷூரன்ஸ் இல்லை என்பதற்காக அவனை வழக்கிலிருந்து விட்டுவிடக்கூடாது. வக்கீல் குமாஸ்தா "அவனிடம் என்ன கிடைக்கப்போகிறது, விடுங்கள்" என்பார். விடாதீர்கள்.

பயணிக்கு மட்டும் ஒரு நல்ல வழி திறந்திருக்கிறது. இரண்டு வண்டிகளும் தவறு செய்து, நடுவில் மாட்டிக்கொண்டவர் பயணியாகவோ பாதசாரியாகவோ இருந்தால், இருவரில் எவரிடமிருந்தும் முழு நஷ்டஈட்டையும் வாங்கலாம் என்று 2015 மே மாதம் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. ஒரு வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லையா? கவலையில்லை, இருக்கிற கம்பெனியிடம் முழுவதையும் கேட்கலாம். அவர்கள் பிறகு தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ளட்டும். பாதியளவுக்குத்தான் எங்கள் பொறுப்பு என்று கம்பெனி வக்கீல் எழுந்தால் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டவேண்டும்.

இதுவரை உயிரையும் உடலையும் பற்றிப் பேசினோம். வண்டி? வாடகைக் காரும் மினி லாரியும் ஒரு குடும்பத்தின் அடுப்பெரிய வழி செய்கிற கருவிகள் அல்லவா?

முழுப் பாலிசி எடுத்தவருக்கு, மோதியவனிடம் இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டாலும், தன் வண்டிச் சேதத்தைத் தன் கம்பெனியிடம் கேட்க உரிமை உண்டு. கேட்டவுடன் என்ன நடக்கிறது? ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆறாண்டு ஓடிய சிறு கார். பட்டறைக்காரர் 60,000 ரூபாய்க்குப் பில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: இரும்புத் தகட்டுப் பாகங்கள் 20,000, பம்பர் முதலிய பிளாஸ்டிக், ரப்பர் 16,000, கண்ணாடி 8,000, கூலி 16,000. ஐந்து முதல் பத்தாண்டு ஓடிய வண்டியின் இரும்பில் நூற்றுக்கு 40 கழிவு, 8,000 போயிற்று. பிளாஸ்டிக்கும் ரப்பரும் எந்த வயதானாலும் பாதி; இன்னொரு 8,000 போயிற்று. கண்ணாடிக்குக் கழிவில்லை. 1,500 சி.சி.க்கு உட்பட்ட காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000. ஆக 17,000 ரூபாய் நம் தோழர் தலையில்! இதோடு முடிந்ததா? ஐந்தாண்டு ஒரு கிளெய்மும் செய்யாமல் இருந்ததற்காக அடுத்த ஆண்டுப் பிரீமியத்தில், வண்டிச் சேதத்துக்கான பங்கில், பாதி தள்ளுபடி வாங்கி வந்தாரே, அந்தத் தள்ளுபடியும் போயிற்று. தவறு அவனுடையது, தண்டம் நம்முடையது. கழிவே இல்லாத பாலிசியும் விற்கிறார்கள். கூடுதல் கட்டணம், பெரும்பாலும் புது வண்டிக்குத்தான்.

கம்பெனி இந்த 43,000-ஐயாவது சும்மா தூக்கிக் கொடுக்குமா? அங்கேதான் சண்டை தொடங்குகிறது. வண்டி இரண்டாம் கையாக வாங்கியதா? ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கிறது, பாலிசி பழைய உரிமையாளர் பெயரில் கிடக்கிறது; பதினான்கு நாளுக்குள் மாற்றவில்லை, ஆகவே இல்லை என்பார்கள். இதில் கம்பெனி பக்கம் சட்டம் இருக்கிறது. மூன்றாமவர் பொறுப்பு வண்டியோடு தானாக மாறும், சொந்தச் சேதம் மாறாது என்று 1996-லேயே உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பழைய வண்டி வாங்குகிற தோழர்கள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகிற அதே வாரத்தில் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கும் போய்விட வேண்டும்.

லைசென்ஸ் விஷயத்தில் மட்டும் தொழிலாளிக்கு ஒரு பெரிய வெற்றி. சாதாரண இலகுரக வண்டி லைசென்ஸை வைத்துக்கொண்டு சரக்கு வண்டியோ ஆட்டோவோ ஓட்டினார், அதற்குத் தனி அனுமதி இல்லை, ஆகவே கொடுக்கமாட்டோம் என்று ஆண்டுக்கணக்கில் கம்பெனிகள் கைவிரித்து வந்தன. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியானால் அந்த லைசென்ஸே போதும், தனி அனுமதி வேண்டியதில்லை என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சட்ட பெஞ்சு 2024 நவம்பர் 6-ஆம் நாள் அடித்துச் சொல்லிவிட்டது. இன்னும் அந்தப் பழைய பாட்டைப் பாடுகிற ஆபீசர் இருந்தால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

சொந்த உபயோகக் காரை வாடகைக்கு விட்டார் என்று சொல்லி முழுவதும் மறுப்பார்கள். அப்படிப்பட்ட வழக்கொன்றில் முக்கால் பங்காவது கொடு என்று 2010-ல் உச்சநீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. சர்வேயர் குறைத்து எழுதிவிட்டார், இனி ஒன்றும் செய்யமுடியாது என்பார்கள். சர்வேயர் எழுதியதே முடிந்த முடிவல்ல, வேறு ஆதாரம் காட்டினால் மாற்றலாம் என்று 2009-லேயே தீர்ப்பு இருக்கிறது. பட்டறை பில்லையும் படங்களையும் பத்திரமாக வைத்திருப்பவர் இங்கே வெல்கிறார். டிராக்டர் விஷயம் தனி. டிராக்டருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கும், டிரெய்லருக்குத் தனியாக எடுத்திருக்க மாட்டார்கள். டிரெய்லரின்மேல் ஏறிவந்த கரும்புக் கூலியாள் விழுந்து அடிபட்டால், அவர் உட்காரச் சட்டத்தில் இடமில்லை என்பது கம்பெனியின் வாடிக்கையான வாதம். ஆலை அரவைக் காலத்தில் இந்த ஒன்றையாவது டிராக்டர் உரிமையாளரிடம் கேட்டுச் சரிசெய்து வைக்கலாம்.

தாமதத்துக்கு இனி சாக்குச் சொல்ல முடியாது. ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 ஜூன் உத்தரவுப்படி, தகவல் கொடுத்த 24 மணி நேரத்தில் சர்வேயரை அமர்த்தவேண்டும். பதினைந்து நாளில் அவர் அறிக்கை தரவேண்டும். அதன்பின் ஏழு நாளில் கம்பெனி முடிவு சொல்லவேண்டும். சொல்லவில்லையானால் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுத்து, ஒரு மாதம் பொறுத்து, சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம், 50 இலட்சம் வரை தீர்ப்புச் சொல்லலாம், அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும். முப்பது நாளில் கொடுக்காவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தண்டம். மறுத்துக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் போகவேண்டும். சென்னைக்குப் போக முடியாதவருக்குக் கடலூரிலேயே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டாண்டுக்குள் போடவேண்டும். எத்தனை பேருக்கு இது தெரியும்? கம்பெனி விளம்பரத்தில் சினிமா நட்சத்திரம் சிரிக்கிற இடத்தில் இந்த விலாசத்தைப் போட்டால் என்ன?

பிற நாடுகளில் எப்படி என்று பார்க்கலாம். பிரிட்டனில் 1946-ஆம் ஆண்டிலேயே, ஆமாம், நாம் மோட்டார் இன்ஷூரன்சைக் கட்டாயமாக்கிய அதே ஆண்டிலே, கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பொது அமைப்பை ஏற்படுத்தின. இன்ஷூரன்ஸ் இல்லாதவன் மோதினால் அந்தப் பொது அமைப்பு அடிபட்டவருக்குக் கொடுக்கிறது. அமெரிக்காவிலே நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1957-ல் வேறு வழி கண்டது. இன்ஷூரன்ஸ் இல்லாதவன் மோதினால் உன் கம்பெனியே அவனுடைய கம்பெனிபோல் நின்று உனக்குக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் செய்தது; மற்ற மாநிலங்களும் பின்பற்றின. அங்கும் சண்டை இல்லாமலில்லை. பிரீமியம் வாங்கும்போது நண்பனாக இருந்த கம்பெனி, விபத்துக்குப் பின் எதிரியின் வக்கீலாக மாறி, தவறு உன்னுடையதுதான், காயம் அவ்வளவில்லை என்று தன் வாடிக்கைக்காரரிடமே வாதாடுகிறது. முதலாளிக் கம்பெனியின் குணம் கடல் கடந்தாலும் மாறுவதில்லை. ஆனாலும் அங்கே சண்டைபோட ஒரு உரிமையாவது இருக்கிறது. இங்கே அந்த உரிமையே இல்லை. இருந்த 107 கம்பெனிகளை 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொதுவுடைமையாக்கி நான்காகச் சேர்த்தபோது, ஒரே கையில் எல்லாம் இருந்த அந்தக் காலத்திலேயே பிரிட்டன் செய்ததைச் செய்திருக்கலாம். செய்யவில்லை.

வைத்தியத்துக்கு இப்போது கொஞ்சம் வழி பிறந்திருக்கிறது என்பதை மறைக்கமாட்டோம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ஏற்கிறது. டில்லி ஆட்சியும், கோவை டாக்டர் ஒருவர் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2025 ஜனவரியில் கெடு வைத்து இடித்துரைத்த பிறகு, 2025 மே மாதம் ஏழு நாளைக்கு ஒன்றரை இலட்சம் வரை இலவசச் சிகிச்சை என்று அறிவித்தது. மோதிய வண்டிக்கு இன்ஷூரன்ஸ் உண்டா என்று ஆஸ்பத்திரி வாசலில் கேட்கமாட்டார்கள். ஏழு நாள் முடிந்து வீட்டுக்கு வருகிறவருக்கு, அல்லது வராமலே போய்விட்டவரின் வீட்டாருக்கு என்ன கிடைக்கும் என்பதே நம் கேள்வி.

விபத்து நடந்த இடத்தில் நம் தோழர்கள் நிற்க நேர்ந்தால் செய்யவேண்டியது ஒன்றுண்டு. மோதிய வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லையென்று தெரிந்தால், அந்த வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வெளியே விட அனுமதிக்கக்கூடாது. 2018 செப்டம்பர் 13-ஆம் நாள் உச்சநீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது: போதிய ஜாமீன் கட்டாமல் அப்படிப்பட்ட வண்டியை விடுவிக்கும் வழி இருக்கக்கூடாது, மூன்று மாதத்தில் ஏலம் போட்டுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்டும்படி விதி செய்யவேண்டும் என்று. கரும்பு டிராக்டரோ மினி லாரியோ ஆனால் சில இலட்சமாவது தேறும். ஆனால் நடப்பதென்ன? நாலு பெரிய மனிதர்கள் வந்து பேசுகிறார்கள், "ஏதோ பார்த்துச் செய்யச் சொல்கிறேன்" என்கிறார்கள், வண்டி சந்தடியில்லாமல் வெளியேறுகிறது. நம் கட்சிக்காரரே அந்த நாலு பேரில் ஒருவராக இருப்பதும் உண்டு, வெட்கத்தோடு சொல்கிறோம். விபத்து நடந்த 48 மணி நேரத்தில் போலீசார் தீர்ப்பாயத்துக்கு முதல் அறிக்கை அனுப்பவேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டு விதி. அனுப்பியாயிற்றா என்று கேட்பது குற்றமல்ல. நஷ்டஈட்டு மனுவுக்கு ஆறு மாதம்தான் கெடு என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் வைத்துவிட்டது. அதை எதிர்த்து உச்சநீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். அந்த முடிவுக்குக் காத்திராமல் ஆறு மாதத்துக்குள் கடலூர்த் தீர்ப்பாயத்தில் போட்டுவிடுவதே பத்திரம். தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே சாவுக்கு 5 இலட்சமும் பலத்த காயத்துக்கு இரண்டரை இலட்சமும் கேட்க 164-ஆம் பிரிவு இடம் தருகிறது. தீர்ப்பு வந்தும் அவன் கட்டாவிட்டால், கலெக்டர் மூலம் நிலவரிப் பாக்கிபோல் வசூலிக்கவும் சட்டத்தில் வழி உண்டு.

டில்லி ஆட்சியாளரிடம் நாம் கேட்பது பெரிய காரியமல்ல. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவர்களே 164பி என்று ஒரு பிரிவை எழுதி, மோட்டார் வாகன விபத்து நிதி ஒன்றை ஏற்படுத்தினார்கள். ஓடிப்போன வண்டியால் அடிபட்டவருக்கும், அடிபட்டவரின் வைத்தியத்துக்கும் அந்த நிதி. அதோடு, மத்திய அரசாங்கம் விதி எழுதிச் சேர்க்கும் வேறு எவருக்கும் அதிலிருந்து கொடுக்கலாம் என்றும் அந்தப் பிரிவிலேயே கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியால் இறந்தவரின் குடும்பத்தை அந்தக் கதவு வழியே உள்ளே அழைப்பதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், நாடாளுமன்றம் கூடவேண்டாம். ஒரே ஒரு விதி, அரசாங்க கெஜட்டில் நாலு வரி! ஓடியவனுக்காகக் கொடுக்கிற அதே 2 இலட்சத்தை முதலில் கொடுக்கட்டும். மோதியவனிடமிருந்து வசூலிக்கிற வேலையை அந்தக் குடும்பத்தின் தலையில் கட்டாமல், கையில் கலெக்டரையும் போலீசையும் வைத்திருக்கிற அரசாங்கமே செய்துகொள்ளட்டும். அந்த நாலு வரியை எழுத எது தடுக்கிறது என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரில் கேட்கவேண்டும். கேட்டார்களா என்று நாமும் அவர்களைக் கேட்போம்.